உழைத்தவர்களுக்கா உழைப்பைப் பற்றிப் பாடம்?

மலையகத்துப் பாடசாலை ஒன்றின் பரிசளிப்பு விழாவுக்குக் கொழும்பிலிருந்து ஒரு பேச்சாளர் வந்திருந்தார். உழைத்தால் உயரலாம், உயராதவன் போதிய அளவு உழைக்கவில்லை என்பதையே முக்கால் மணி நேரம் பேசினார். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்குப் போகாமல், அன்றைய பேரை, அதாவது நாட்சம்பளத்தை, இழந்து வந்து உட்கார்ந்திருந்த தாய்மார்களும் கைதட்டினார்கள். எனக்கு வயிறு எரிந்தது.

அந்தத் தாயைவிடவா ஒருவர் உழைத்துவிட முடியும்? இருட்டோடு எழுந்து ரொட்டி சுட்டு, கைக்குழந்தையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டு மலை ஏறுகிறவள் அவள். அட்டை கடிக்கும், குளவி கொட்டும், மழையில் கால் வழுக்கும். மடுவத்தில் கொழுந்தை நிறுக்கும்போது ஈரத்துக்கென்றும் சாக்குக்கென்றும் கழிப்பார்கள். கேட்ட கிலோ வராவிட்டால் அரைப்பேர்தான். மாலையில் லயத்துக்குத் திரும்பினால் விறகும் தண்ணீரும் அடுப்பும் காத்திருக்கும். இவளிடம் போய் விடாமுயற்சி பற்றிப் பேச எவருக்கு அருகதை உண்டு?

தோட்டத்துரை ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை போட்டது 1867இல். அன்று தொட்டுத் தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து கிள்ளிய குடும்பங்கள் இவை. உழைப்புக்கு உயர்வுதான் கூலி என்றால், இலங்கையின் பெரும் பணக்காரர்கள் இன்று நுவரெலியா லயங்களில் அல்லவா இருக்க வேண்டும்? இன்னமும் அந்தப் பத்தடிக்குப் பன்னிரண்டடி அறைக்குள்தான் பல குடும்பங்கள் முடங்கிக் கிடக்கின்றன.

1948இன் குடியுரிமைச் சட்டம் அந்தத் தாயின் பாட்டியை நாடற்றவளாக்கியபோதும் அந்தப் பாட்டி கொழுந்து கிள்ளிக்கொண்டுதான் இருந்தாள். அடுத்த ஆண்டே வாக்குரிமையும் போயிற்று. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இப்படி நாடற்றுப்போன 9,75,000 பேரைப் பங்கு போட்டார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சப் பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவானது. யார் எத்தனை கிலோ எடுத்தவர் என்று அங்கே யாரும் கேட்கவில்லை.

பத்திரிகைகள் மீதும் எனக்குக் கோபம் உண்டு. பரீட்சை முடிவு வந்ததும் ‘தோட்டத் தொழிலாளியின் மகள் சாதனை’ என்று ஒரு பிள்ளையின் படத்தைப் போடுவார்கள். கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் ஆசிரியர் இல்லாமலே உயர்தரம் எழுதித் தோற்ற அவளுடைய வகுப்புத் தோழிகள் யாருடைய கண்ணிலும் படுவதில்லை. அந்தப் பிள்ளைகள் சோம்பேறிகளா? வெற்றி பெற்ற ஒருத்தியைக் காட்டி மற்ற எல்லோர் வாயையும் அடைப்பது அநியாயம். ஆசிரியரை அனுப்பாத அதிகாரிகளுக்கும், வீடு கட்டக் காணி கொடுக்காத அரசுக்கும், இலாபக் கணக்கை மறைக்கும் கம்பனிக்கும் இந்த உழைப்பு உபதேசம் நல்ல கேடயம். பிழை முழுவதும் கூடை சுமப்பவள் தலையில் விழுந்துவிடுகிறதே!

மலையகத்தில் எது மாறியதோ, அது கூடுதல் கொழுந்து எடுத்ததால் மாறவில்லை. நாடற்றவர் நிலை தீர 2003இல் ஒரு சட்டம் வரவேண்டியிருந்தது. ஆயிரம் ரூபாய் நாட்சம்பளத்துக்காகத் தொழிலாளர் வருடக்கணக்கில் தெருவில் நின்று கத்தினார்கள். கம்பனிகள் மறுத்துக்கொண்டே இருந்தன. கடைசியில் 2021இல் சம்பள நிர்ணய சபை தலையிட்ட பிறகே அது கிடைத்தது. கிடைத்த கையோடு பல தோட்டங்களில் ஒரு பேருக்கு எடுக்க வேண்டிய கிலோவையும் ஏற்றிவிட்டார்கள்.