பூதம் காக்கும் புட்டிகள்

2023 நவம்பரில் லண்டன் சோதபீஸ் ஏலத்தில் ஒரு விஸ்கி பாட்டில் சுமார் 22 லட்சம் பவுண்டுக்குப் போனது. மக்காலன் 1926. அந்த ஆண்டு வடித்தது, 60 வருடம் ஷெர்ரி பீப்பாயில் கிடந்தது, 1986இல் பாட்டிலுக்குள் போனது. 263ஆம் எண் பீப்பாய், மொத்தமே 40 பாட்டில். விற்றது அதில் ஒன்று, இத்தாலிய ஓவியர் வலேரியோ அடாமியின் லேபிள் ஒட்டியது. முக்கால் லிட்டர் சரக்கு. கணக்குப் போட்டால் ஒரு மில்லிக்கு 2,900 பவுண்டு சொச்சம் வருகிறது. இருமல் மருந்து மூடியில் ஊற்றிக் குடித்தால்கூட ஒரு வீடு காலி.

இதைப் படித்துவிட்டு "நம்மளும் ரெண்டு பாட்டில் வாங்கிப் போட்டு வைக்கலாமா?" என்று என்னைக் கேட்பவர்கள் உண்டு. எடின்பரோவில் விஸ்கிக் கடை ஒன்றில் நான்கு வருடம் நின்றவன் என்பதால் கேட்கிறார்கள். நான் வேலைக்குச் சேர்ந்தபோது கடைக்கு வருகிறவர்கள் புகை வாசம் உள்ளதா, ஷெர்ரி இனிப்பா, பெண்டாட்டியின் அப்பாவுக்குக் கொடுக்க ஏற்றதா என்று கேட்பார்கள். விட்டு வரும்போது பாதிப்பேர் கேட்டது ஒன்றே ஒன்று: "இது ஏறுமா?" போதை ஏறுமா என்று நினைத்துவிடாதீர்கள். விலை.

என் பதில் அன்றும் இன்றும் ஒன்றுதான். ஏலத்தில் விற்பது விஸ்கி இல்லை. விஸ்கியின் பெயரில் வேறொன்று.

முதலில் ஒரு சின்ன விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த வியாபாரத்தின் பாதி அது தெரியாதவர்களை நம்பித்தான் ஓடுகிறது. விஸ்கி பாட்டிலுக்குள் முதிர்வதில்லை. பிரிட்டன் சட்டப்படி குறைந்தது மூன்று வருடம் ஓக் மரப் பீப்பாயில் இருந்தால்தான் அது ஸ்காட்ச். அங்கே மரத்தோடும் காற்றோடும் பேசிப் பேசித்தான் நிறமும் மணமும் வருகிறது. வருடத்துக்கு ஏறக்குறைய 2 சதவீதம் ஆவியாகிப் போகும், தேவதைகளின் பங்கு என்பார்கள். கண்ணாடிக்குள் அடைத்த நிமிடம் எல்லாம் நின்றுவிடுகிறது. 1975இல் யாரோ வாங்கிப் பரணில் போட்ட 12 வருட விஸ்கி இன்றைக்கும் 12 வருட விஸ்கிதான். இந்த ஐம்பது வருடத்தில் அதன்மேல் படிந்தது தூசி. உள்ளே நடந்தது ஏதாவது உண்டென்றால் நஷ்டம்தான்: தக்கை வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். அதனால்தான் ஏலப் பட்டியல்களில் மட்டம் கழுத்தில் நிற்கிறதா, தோளுக்கு இறங்கிவிட்டதா என்று எழுதுகிறார்கள்.

அப்படியானால் வைத்திருந்தவர் அதற்குச் செய்தது என்ன? பார்லி விதைத்தவர் வேலை செய்தார். பீப்பாய் கட்டியவர், கொதிகலத்தின் முன்னால் வியர்த்தவர், கிடங்கில் உருட்டி அடுக்கியவர் எல்லோரும் செய்தார்கள். இவர் குடிக்காமல் இருந்தார். குடிக்காமல் இருந்ததற்கு இவ்வளவு கூலியா! மதுவைத் தொடாதவர்கள்மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் குடிக்கக் கூடாது என்றே வாங்குகிறவரை எந்தக் கணக்கில் சேர்ப்பது? நாய் பெற்ற தேங்காய் என்பார்கள் நம்மூரில். நாய்க்காவது உடைக்கத் தெரியாது.

"ஓவியம் வாங்குகிற மாதிரிதானே இதுவும்" என்று ஒரு வாதம் வரும். இல்லை. சுவரில் மாட்டிய ஓவியம் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது, பார்க்கிறவன் பார்க்கிறான். அரிய முதல் பதிப்பைக்கூடக் கை நடுங்கப் புரட்டிப் படிக்கலாம். மூடிய விஸ்கி எந்த வேலையும் செய்வதில்லை. லேபிள்தான் கலை என்றால் அதை உரித்துச் சட்டம் போட்டு விற்றுவிட்டு, உள்ளே இருப்பதை ஆளுக்கொரு வாய் ஊற்றிக் கொடுங்களேன்.

உண்மையான சிக்கல் இதற்கும் கீழே இருக்கிறது. 2017இல் சுவிட்சர்லாந்தில் ஒரு ஹோட்டலில் சீனாவிலிருந்து வந்த ஒருவர் 1878 மக்காலன் என்று ஒரே ஒரு கிளாஸுக்கு ஏறத்தாழ பத்தாயிரம் பிராங்க் கொடுத்தார். பிறகு சோதித்துப் பார்த்தால் 1970களின் தொடக்கத்தில் வடித்த சரக்கு, அதுவும் கலப்பு விஸ்கி. பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். அடுத்த வருடம் ஸ்காட்லாந்துப் பல்கலைக்கழகங்களின் ஆய்வு மையம் ஒன்றில் 55 அரிய பாட்டில்களைச் சோதித்தார்கள். 21 போலி, அல்லது சொன்ன வருடத்தில் வடிக்காதது. கண்டுபிடித்த விதம் பயங்கரமானது: 1950களிலும் 60களிலும் வெடித்த அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கதிரியக்கக் கார்பன் கூடியது. அதற்குப் பிறகு விளைந்த பார்லியில் அதன் தடம் இருக்கும். 1900 என்று லேபிள் சொல்லும், அணுகுண்டு இல்லை என்று சாட்சி சொல்லும்.

யோசித்துப் பாருங்கள். கெட்ட மீனை விற்றவன் அன்று சாயங்காலமே மாட்டிக்கொள்வான், ஏனென்றால் மீனைச் சமைப்பார்கள். இந்தப் பாட்டிலை யாரும் சமைப்பதில்லை. விற்கிறவருக்குத் திறக்க மனமில்லை. ஏலக்காரருக்குக் கமிஷன். வாங்கினவர் நாளைக்கு விற்கவேண்டியவர், திறந்தால் போச்சு. திறக்காதவரை போலியும் அசலும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன, ஒரே விலைக்குத்தான் போகின்றன. மோசடி இந்தச் சந்தையில் வெளியிலிருந்து நுழைந்த திருடன் இல்லை, வீட்டிலேயே வளர்ந்த பிள்ளை. அந்த 2023 மக்காலனுக்கே ஏலத்துக்கு முன் தக்கையை மாற்றி, லேபிள் ஓரங்களுக்குப் புதுப்பசை தடவி, ஒரே ஒரு மில்லி எடுத்து இன்னொரு 1926 பாட்டிலோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். நல்ல காரியம்தான். அசல் என்று சொல்லக் கடைசியில் உள்ளே இருந்த திரவம்தான் வரவேண்டியிருந்தது.

அருமை என்கிறார்களே, அதையும் பார்ப்போம். ஐலா தீவின் போர்ட் எலன் வடிசாலையை 1983இல் மூடினார்கள். சரக்கு தேங்கிக் கிடந்த காலம். அங்கே வடித்தது பெரும்பாலும் கலப்பு விஸ்கிக்குப் போனது, தனியாகத் தேடிக் குடித்தவர்கள் குறைவு. வடகோடியில் பிரோராவும் அதே வருடம் மூடப்பட்டது. வேலை போனவர்கள் போனார்கள். அப்புறம் மிஞ்சிய பீப்பாய்கள் தீரத் தீர, அதே சரக்கு அமுதமாகிவிட்டது. வடிசாலை ஓடியபோது இல்லாத மதிப்பு அது செத்ததும் எங்கிருந்து வந்தது? சாவிலிருந்துதான். 2021இல் பிரோராவையும் 2024இல் போர்ட் எலனையும் திரும்பத் திறந்தது எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். பழைய பாட்டில்களை அடுக்கி வைத்திருப்பவர்களில் எத்தனை பேருக்குச் சந்தோஷம் என்று தெரியவில்லை. ஒருவர் திறந்து குடித்தால் மற்றவர் பாட்டில் விலை ஏறும். ஒன்று உடைந்தாலும் ஏறும்.

அப்பா விட்டுப்போன அலமாரியில் ஒன்று கிடைத்து, வாடகைக்கு வழியில்லாமல் விற்கிறவரை நான் ஒரு வார்த்தை சொல்லமாட்டேன். விற்றுக்கொள்ளுங்கள். பாட்டிலைப் படுக்க வைக்காதீர்கள், சாராயம் தக்கையை அரித்துவிடும். வெயில் படாமல் வையுங்கள். லேபிளைத் துடைக்காதீர்கள். ஏலக்காரர் உங்களிடமும் வாங்குகிறவரிடமும் எவ்வளவு பிடிக்கிறார் என்று எழுத்தில் கேளுங்கள். 2022க்குப் பிறகு சந்தை இறங்கியதும் ஞாபகம் இருக்கட்டும். என் சண்டை கடன் வாங்கிப் பெட்டிபெட்டியாக அடுக்கச் சொல்லும் முதலீட்டு ஆலோசகர்களோடு.

1941இல் லிவர்பூலிலிருந்து ஜமைக்காவுக்குக் கிளம்பிய எஸ்.எஸ். பொலிட்டிஷியன் என்ற கப்பல் எரிஸ்கே தீவுக்குப் பக்கத்தில் பாறையில் ஏறி நின்றது. உள்ளே ஆயிரக்கணக்கான பெட்டி விஸ்கி. யுத்த காலம், தீவில் குடிக்க எதுவும் இல்லை. சனங்கள் ராத்திரியில் படகு கட்டிப் போய் எண்ணெய் படிந்த தண்ணீரிலிருந்து பெட்டிகளைத் தூக்கினார்கள். வரி கட்டாத சரக்கு என்று சுங்கக்காரர்கள் விடாமல் துரத்தினார்கள், சிலர் ஜெயிலுக்கே போனார்கள். 1987இல் அந்தக் கப்பலிலிருந்து மேலும் எட்டு பாட்டில்கள் கிடைத்தன. அவை ஏலத்தில் நாலாயிரம் பவுண்டுக்குப் போயின. எரிஸ்கேக்காரர்களும் பாட்டில்களை மறைத்துத்தான் வைத்தார்கள், மண்ணிலும் முயல் வளையிலும். அதிகாரிகள் அந்தப் பக்கம் போனதும் தோண்டியெடுத்து, பக்கத்து வீட்டுக்காரனையும் கூப்பிட்டு, அன்றைக்கே குடித்தார்கள்.