புல்வெட்டும் யந்திரமும் கட்டிவைத்த கைப்பிடியும்

மாரிமழை ஓய்ந்து தைமாதம் பிறந்ததும், எமது வடபகுதிப் பாடசாலை மைதானங்கள் முழங்காலளவு புல்லுடன் நிற்பதும், இல்ல மெய்வல்லுநர் போட்டிகளுக்கு நாட் குறிக்கப்படுவதும் ஒருசேர நிகழ்வன. முன்னாளிலே உழவாரமும் புல்லரிவாளுங் கொண்டு பலர் கூடிப் பல நாட் செய்த வேலையை, இன்று ஒருவர் ஒரு யந்திரத்தின் பின்னே நடந்து ஒரு காலைப்பொழுதில் முடித்துவிடுகிறார். பாடசாலைகளும் விளையாட்டுக் கழகங்களும் விடுதிகளும் வைத்திருக்கும் இந்த யந்திரத்தைப்பற்றி இவ்வாரம் சிறிது பேசுவோம். வீட்டிலே சிறிய யந்திரம் வைத்திருக்கும் வாசகர்களுக்கும் இதிற் பெரும்பகுதி பொருந்தும்.

புல்வெட்டும் யந்திரம் ஒரு நெசவாலையிற் பிறந்தது என்றால் மாணவ நண்பர்கள் வியப்படையக்கூடும். இங்கிலாந்திலே ஸ்ட்ரௌட் என்னும் ஊருக்கு அருகில் வாழ்ந்த எட்வின் படிங் என்பவர், நெய்த கம்பளித் துணியின் மேல் எழுந்து நிற்கும் மயிரைச் சமமாகக் கத்தரிக்கும் பொறியைக் கண்டு, துணிக்குச் செய்வதைப் புற்றரைக்கும் ஏன் செய்யலாகாது என்று எண்ணினார். 1830ஆம் ஆண்டில் அவர் அதற்கு உரிமைப்பத்திரமும் பெற்றார். அவரது யந்திரம் கத்தரிக்கோலைப் போன்றது. உருளையிற் பொருத்திய அலகுகள் சுழன்றுவந்து, கீழே அசையாதிருக்கும் ஓர் அலகுடன் சேர்ந்து புல்லை நறுக்கும். கிரிக்கெட் ஆடுகளத்தை வெட்ட இன்றும் இவ்வகையே சிறந்தது.

எமது மைதானங்களில் இரைந்துகொண்டு செல்பவை வேறு வகையின. இவற்றிலே, கவிழ்த்த தட்டம் போன்ற இரும்பு மூடியின் கீழ், விசிறியைப்போல் ஓர் அலகு படுக்கையாகச் சுழல்கிறது. பெரிய யந்திரங்களில் இரண்டு அல்லது மூன்று அலகுகள் இருக்கும். இங்கே புல்லைத் தாங்கிப்பிடிக்க இரண்டாவது அலகு கிடையாது. புல் தன் சடத்துவத்தால் ஒருகணம் அசையாது நிற்கும்போதே அலகு அதை அடித்துச் சீவிச் செல்லவேண்டும். மெதுவாகச் சுழன்றால் புல் வளைந்து கொடுத்துவிடும். ஆகவே வேகம் இந்த யந்திரத்தின் உயிர்நிலை என்க.

அவ்வேகம் எவ்வளவு? 21 அங்குல நீளமுள்ள அலகொன்று நிமிடத்துக்கு 3000 முறை சுழல்வதாகக் கொள்வோம். அதன் நுனி ஒரு சுற்றில் ஏறக்குறைய 1.68 மீற்றர் செல்கிறது. செக்கனுக்கு 50 சுற்று. பெருக்கிப் பார்த்தால் செக்கனுக்கு 84 மீற்றர், அஃதாவது மணிக்கு 300 கிலோமீற்றர் வருகிறது. 2003இல் பாகிஸ்தானின் ஷொயிப் அக்தார் வீசிய மிக வேகமான பந்து மணிக்கு 161.3 கிலோமீற்றர் வேகத்திலேயே சென்றது. புல்லினுள்ளே கிடக்கும் முருகைக்கல், வேலியிலிருந்து கழன்று விழுந்த முட்கம்பித் துண்டு, காய்ந்த பனங்கொட்டை ஆகிய எதுவும் இவ்வலகிற் பட்டால் என்னவாகும் என்பதை மாணாக்கர் தாமே ஊகித்துக்கொள்ளலாம். வேலை தொடங்குமுன் மைதானத்தை ஒருமுறை நடந்து கூட்டிப் பொறுக்குவது அரைமணி நேர வேலை. அதை வீண்வேலை என்று சொல்பவரை நாம் நம்புவதில்லை.

இத்தகைய வேகத்துக்கு ஒரு கடிவாளம் வேண்டாமா? அதற்காகவே கைப்பிடியோடு ஒட்டி ஒரு நெம்புகோல் அமைத்திருக்கிறார்கள். அதை அழுத்திப் பிடித்திருக்கும் வரையுமே அலகு சுழலும். கையை விட்டால், வீட்டு யந்திரங்கள் பலவற்றில் எஞ்சினே நின்றுவிடும். பெரிய யந்திரங்களில் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, அலகுக்குச் செல்லும் 'பெல்ற்' தளர்ந்து ஒரு தடுப்பு அதனை நிறுத்தும். இடறி விழுந்தாலும், மயங்கிச் சாய்ந்தாலும், பதறிக் கையை உதறினாலும் ஆபத்து அத்துடன் அடங்கவேண்டும் என்பதே கருத்து. ஐக்கிய அமெரிக்காவிலே, சுழலும் அலகு பட்டு ஆண்டுதோறும் ஏறத்தாழ 77,000 பேர் காயமுறுகின்றனர் என அரசாங்கம் மதிப்பிட்ட பின்னர், கையை விட்ட மூன்று செக்கனுள் வீட்டு யந்திரத்தின் அலகு நின்றேயாகவேண்டும் என்ற விதி 1982இல் நடைமுறைக்கு வந்தது. தொழிலுக்கென்று செய்யப்படும் பெரிய யந்திரங்கள் அவ்விதிக்குள் அடங்குவன அல்ல. அவற்றின் அலகு நிற்கச் சற்று அதிக நேரஞ் செல்லலாம். சத்தம் அடங்கியதைக் கொண்டு அலகு நின்றுவிட்டதென்று தீர்மானிப்பது பெருந் தவறு.

இனி, நாம் சொல்லவந்த விடயத்துக்கு வருவோம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பாடசாலை மைதானத்திலே, சிற்றூழியர் ஒருவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, காலிற் செருப்புமின்றிப் புல் வெட்டிக்கொண்டிருந்தார். நெம்புகோல் கைப்பிடியோடு சேர்த்து சைக்கிள் ரியூப் துண்டொன்றினால் இறுகக் கட்டப்பட்டிருந்தது. "அண்ணை, இதை ஏன் கட்டினீர்கள்?" என்று கேட்டோம். "ஐயா, அரைமணித்தியாலம் பிடித்தால் கை விறைத்துப் போகுது. பிறகு பேனா பிடிக்கவும் ஏலாது," என்றார் அவர்.

அவரைக் கடிந்துகொள்ள எமக்கு மனம் வரவில்லை. அவர் சோம்பலினாற் கட்டினாரல்லர். கை விறைத்ததனாற் கட்டினார். கை ஏன் விறைத்தது? யந்திரம் அளவுக்கு மீறி அதிர்ந்தது. ஏன் அதிர்ந்தது? யந்திரத்தை நிறுத்திப் பார்த்தபோது, அலகின் ஒரு நுனி கல்லிற் பட்டு உடைந்து, ஒரு பக்கம் பாரங் குறைந்திருந்தது. ஒரு பாரைத் தேய்த்துச் சமப்படுத்த வேண்டிய காரியத்தை எவரும் செய்யாமையால், ஒரு மனிதர் தம் காலுக்கிருந்த ஒரே காவலைக் கட்டிப்போட்டுவிட்டார். பராமரிப்பு வேறு, பாதுகாப்பு வேறு என்று எண்ணுவோர் இதனைச் சிந்திக்கவேண்டும். நெடுங்காலம் அதிர்வைத் தாங்கும் கைகளில் நரம்புகளும் இரத்தக் குழாய்களும் கெடுகின்றன என்பது வைத்தியர்கள் அறிந்த விடயம். ஆகையால் அவருடைய முறைப்பாடு வெறும் சாட்டு அன்று.

அலகைக் கழற்றிப் பார்ப்பது கடினமன்று. ஆனால் அதற்கு முன் செய்யவேண்டியது ஒன்றுண்டு. இதிலே எவ்வித விதிவிலக்கும் இல்லை. எஞ்சினை நிறுத்தி, ஸ்பார்க் பிளக்கின் வயரைக் கழற்றி, பிளக்கிலே படாதவாறு அப்பால் ஒதுக்கி வைக்கவேண்டும். "எஞ்சின்தான் நின்றுவிட்டதே, பற்றரியும் இல்லையே, பொறி எங்கிருந்து வரும்?" என்று மாணாக்கர் கேட்பர். நல்ல கேள்விதான். இவ்வகை எஞ்சினிற் பாரமான சக்கரமொன்றிற் காந்தம் பதிக்கப்பட்டிருக்கிறது. அக்காந்தம் ஒரு கம்பிச் சுருளைக் கடந்து செல்லும்போது அங்கே மின் பிறக்கிறது. சிறிய யந்திரங்களில் அலகு எஞ்சினின் தண்டிலேயே நேராகப் பூட்டப்பட்டுள்ளது. ஆகவே அலகைக் கையாற் சுற்றினால் எஞ்சினைச் சுற்றியதாகும், காந்தமும் சுற்றும். சூடாக இருக்கும் எஞ்சினின் உள்ளே சிறிது பெற்றோல் ஆவி எஞ்சியிருந்தால், அது ஒருமுறை வெடித்து உதைப்பதற்கு அவ்வளவே போதும். கயிற்றை இழுத்து எஞ்சினை உயிர்ப்பிப்பதும் இதே வழியாலேயே.

பெரிய யந்திரத்தில் இன்னொரு மாயமுண்டு. அதன் அலகுகளை ஒரே பெல்ற் இணைத்திருப்பதால், வலப்பக்கத்து அலகை ஒருவர் அசைத்தால் இடப்பக்கத்து அலகும் அசையும். இருவர் சேர்ந்து துப்புரவு செய்யும்போது ஒருவரின் உதவி மற்றவரின் விரலுக்கு வினையாகலாம். திறப்பினால் இயங்குவதாயின் திறப்பையும், பற்றரியில் ஓடும் புதிய வகையாயின் பற்றரியையும் எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வது நன்று.

யந்திரத்தைச் சரிப்பதாயின் காற்றுவடியும் பிளக்கும் மேற்பக்கம் இருக்குமாறு சரிக்கவேண்டும். மறுபக்கம் சரித்தால் ஒயில் வழிந்து காற்றுவடியை நனைத்துவிடும். தடித்த கையுறை அணிந்து, மரக்கட்டையொன்றை இடையிற் கொடுத்து அலகு சுழலாதவாறு தடுத்துக்கொண்டு, பூட்டாணியைத் தளர்த்தலாம். கழற்றிய அலகைச் சுவரில் அடித்த ஆணியொன்றில் நடுத்துளையால் மாட்டித் தொங்கவிட்டால் அதுவே தராசு. எந்தப் பக்கம் தாழ்கிறதோ அந்தப் பக்கத்தை அரத்தினாற் சிறிது தேய்க்கவேண்டும். இரு பக்கமும் கிடையாக நிற்கும்வரை இதைச் செய்க. வளைந்த அலகை அடித்து நிமிர்த்துவதும், வெடித்ததை ஒட்டுவதும் வேண்டா. அத்தகைய அலகு ஒருநாள் இரண்டாகப் பறக்கும். புதியது வாங்கும் செலவு வைத்தியசாலைக்குச் செல்லும் செலவினுங் குறைவு.

கை உள்ளே செல்வதற்கு மற்றொரு காரணம் அடைப்பு. ஈரப்புல் மூடியின் கீழ் அப்பி, புல் வெளியேறும் வாயை அடைத்துவிடும். அவசரக்காரர் குனிந்து கையை விடுகிறார். பனி காய்ந்த பின்பு வெட்டினால் அடைப்பும் குறையும், கால் வழுக்குவதுங் குறையும். முழங்காலளவு வளர்ந்த புல்லை ஒரே வெட்டில் ஒட்ட வெட்ட முயல்வதும் அடைப்பைத் தருவதே. முதலில் உயர வைத்து வெட்டி, சில நாள் கழித்துத் தாழ்த்தி வெட்டுவது புல்லுக்கும் நன்று. அவ்வாயின் மேலுள்ள சாய்ந்த மறைப்பைத் தூக்கிக் கட்டுவோரையும் கண்டிருக்கிறோம். கல்லைத் தரை நோக்கித் திருப்பிவிடுவது அந்த மறைப்பே. அதனைக் கட்டிவிட்டால் ஓரத்தில் நின்று பார்க்கும் சிறுவனின் கண் மட்டத்துக்கு வழி திறந்துவிட்டதாகும். பாடசாலை விட்டபின் அல்லது சனிக்கிழமைகளிற் புல் வெட்டுமாறு ஒழுங்குசெய்வது அதிபர்களின் கடமையென்றே நாம் கருதுகிறோம்.

மைதானம் சமதரை; ஆனால் வாய்க்காற் கரையும் மதகடியும் அப்படியல்ல. நடந்து தள்ளும் யந்திரத்தைச் சரிவுக்குக் குறுக்காகவே கொண்டுசெல்லவேண்டும். மேலிருந்து கீழாகச் சென்றால், வழுக்கிய கால் யந்திரத்தின் கீழே போகும். கீழிருந்து மேலாகச் சென்றால், யந்திரம் எம்மேல் வரும். 15 பாகைக்கு மேற்பட்ட சரிவில், அஃதாவது ஒரு மீற்றருக்கு 27 சதமமீற்றரளவு உயரும் இடத்தில், யந்திரத்தை விட்டுப் பழைய புல்லரிவாளை எடுப்பதே அறிவுடைமை. பின்னோக்கி நடந்து யந்திரத்தைத் தன்பால் இழுப்பதையுந் தவிர்த்தல் வேண்டும். கால்களுக்கு மூடிய சப்பாத்து, நீளக் காற்சட்டை, கண்ணாடி, காதடைப்பு ஆகியவற்றை வாங்கிக் கொடுப்பது யந்திரத்தின் உரிமையாளர் பொறுப்பு. வெறுங்காலுடன் வந்தவரைக் குறைகூறுமுன் அவருக்குச் சப்பாத்துக் கொடுத்தோமா என்று கேட்டுக்கொள்ளவேண்டும்.

பெற்றோலைப்பற்றி நீட்டிச் சொல்லவேண்டியதில்லை. சூடு ஆறுமுன் ஊற்றலாகாது. அதன் ஆவி காற்றிலும் பாரமானதாகையால் நிலத்தோடு படர்ந்து தூரத்து நெருப்பையும் எட்டும். மூடிய கொட்டிலுள் எஞ்சினை ஓடவிட்டால் மணமற்ற காபனோரொட்சைட்டு நிறையும். புதிய எஞ்சினில் முதல் ஐந்து மணித்தியால ஓட்டத்தின் பின்பும், பின்னர் ஏறக்குறைய ஐம்பது மணித்தியாலத்துக்கு ஒருமுறையும் ஒயில் மாற்றும்படி பல கைந்நூல்கள் கூறுகின்றன. எமது புழுதிக்குக் காற்றுவடியை இன்னும் அடிக்கடி தட்டித் துப்புரவாக்கவேண்டும். பங்குனி சித்திரையிற் புல் கருகி, யந்திரம் மாதக்கணக்கில் ஓய்வெடுக்கும்போது, தாங்கியிலுள்ள பெற்றோலை வடித்துவிட்டு, எஞ்சியது தீருமட்டும் ஓட்டி நிறுத்தவேண்டும். இல்லையேல் அது காபரேற்றரினுள் பசையாகப் படிந்து, அடுத்த மாரியில் கயிற்றை இழுத்து இழுத்துத் தோள் நோகும்.

இவையெல்லாம் யந்திரத்தோடு வரும் கைந்நூலில் உள்ளவையே. ஆனால் அந்நூல் பெரும்பாலும் ஆங்கிலத்தில் அச்சிடப்பட்டு, அலுவலக அலுமாரியிற் பூட்டப்பட்டிருக்க, யந்திரம் கொட்டிலில் இருக்கிறது. உயர்தர வகுப்பு மாணவர் இருவர் ஒரு மாலைநேரத்தில் அதன் முக்கிய பக்கங்களைத் தமிழில் எழுதி, அவ்வேலை செய்பவருக்கு ஒருமுறை வாசித்துக் காட்டலாம். எழுதிய தாளைக் கொட்டிலின் உட்கதவில் ஒட்டிவைக்கும்போது, கைப்பிடியிற் கயிறோ ரியூப் துண்டோ கட்டியிருக்கிறதா என்பதையும் பார்த்துவிடலாம்.