கூரை சொல்லும் சாட்சியம்

இடைக்கால ஐரோப்பாவின் ஓவியக்கலை முற்றிலும் திருச்சபைக்கே உரியது. அதற்கும் நமக்கும் எவ்வித உறவும் இல்லை என்று நம்மவருள் ஒரு சாரார் கூறி வருகின்றனர். முஸ்லிம் கை ஒருபோதும் மனித உருவைத் தீட்டியதில்லை என்று காரணமும் காட்டுகின்றனர். இவ்விரு கூற்றுகளையும் பலெர்மோ நகரத்து ஆலயக் கூரையொன்று மறுத்து நிற்கிறது.

831 முதல் 1072 வரை முஸ்லிம்களின் ஆட்சியில் இருந்த நகரம் பலெர்மோ. பின்னர் அது நார்மானியர் வசமாயிற்று. 1130இல் முடிசூடிய இரண்டாம் ரோஜர் மன்னர் தம் அரண்மனைக்குள்ளேயே ஓர் ஆலயம் எழுப்பினார். அதன் சுவர்களிலும் குவிமாடத்திலும் கிரேக்க மரபில் பதித்த பொன்வண்ணக் கிறிஸ்தவத் திருவுருவங்கள். நடுமண்டபத்து மரக்கூரையோ தேன்கூட்டை ஒத்த முகர்னஸ் வேலைப்பாடு. கூஃபி எழுத்தில் அரபு வாழ்த்துச் சொற்கள். கூடவே யாழ் மீட்டுவோர், நடனமாடுவோர், மதுக்கிண்ணம் ஏந்தியோர், சதுரங்கம் ஆடுவோர். வழிபடுவோரின் தலைக்கு மேலே அரசவையின் கேளிக்கைகள்! இவற்றைத் தீட்டியோர் ஃபாத்திமிய மரபில் வந்த முஸ்லிம் கலைஞர் என்பதே ஆய்வாளர் பலரின் கருத்து.

அம்மன்னரின் செம்பட்டு மேலங்கியையும் காண்க. ஒட்டகத்தை வீழ்த்தும் சிங்கங்கள் அதில் பொன்னிழையாலும் முத்தாலும் அமைந்துள்ளன. சிஸிலியின் தலைநகரில் ஹிஜ்ரி 528இல், அதாவது கி.பி. 1133-34இல், செய்யப்பட்டதென்று அதன் விளிம்பிலுள்ள அரபு வாசகமே உரைக்கிறது. பிற்காலத்துப் புனித ரோமப் பேரரசர்கள் அதை முடிசூட்டு விழாவில் அணிந்தனர். இன்று அது வியன்னாவில் உள்ளது.

"உருவம் வரைதல் கூடாதென்பது ஆலிம்களின் தீர்ப்பல்லவா?" என்று கேட்பர். ஆம், அத்தீர்ப்பை நானும் மாணவர்க்குப் போதிப்பவனே. ஆயினும் செய்யலாகாது என்பது சட்டம். செய்தனர் என்பது வரலாறு. ஒன்றைக் கொண்டு மற்றொன்றை அழித்துவிட இயலாது. கிறிஸ்தவ உலகிலும் இவ்வழக்கு இருந்தது. மடாலயங்களில் செதுக்கிய விசித்திர உருவங்களை 1125ஆம் ஆண்டளவில் கடிந்தெழுதினார் கிளேர்வோ மடத்துத் தலைவர் பெர்னார்டு. அதனால் அச்சிற்பங்கள் இல்லையென்று ஆகிவிட்டனவா?

ஐரோப்பாவுக்குக் கலையனைத்தையும் நாமே வழங்கினோம் என்று மார்தட்டுவதும் பிழையே. அவ்வாலயத்துப் பொற்பதிப்பு கிரேக்கர் தந்தது. அப்பெருமை அவர்களுக்கே உரியது.

நம் பிள்ளைகள் நாளை அக்கூரையின் படத்தைக் காண்பர். "அத்தா, இதை ஏன் மறைத்தீர்கள்?" என்று கேட்பர். வரலாற்றில் நாம் உண்மை பேசவில்லை என்று கண்டபின், மார்க்கத்தைப் பற்றி நாம் சொல்வதை மட்டும் அவர்கள் எங்ஙனம் நம்புவர்? சாட்சியத்தை மறைப்பது பாவமென்று கற்றுத் தருவோர் முதலில் தாம் அதைக் கடைப்பிடிக்கட்டும்.