வாங்குபவர் ஒருவர், மூச்சு விடுபவர் இன்னொருவர்

சென்ற மாதம் தங்கையின் மகன் திருகோணமலையிலிருந்து வந்திருந்தான். நிலாவெளிக் கடலில் சுழியோடப் பழகிக்கொண்டிருக்கின்றான். கைத்தொலைபேசியில் சில படங்களைக் காட்டினான். சிலிண்டர், றெகுலேற்றர், மிதவைச் சட்டை, முகக்கண்ணாடி, காலில் மாட்டும் துடுப்பு என்று ஒரு முழுத் தொகுதி. யாரோ பாவித்து விற்பனைக்கு வைத்தது.

"புதுசு வாங்கிற விலையில அரைவாசிகூட இல்லை, மாமா" என்றான்.

மூன்று கேள்விகள் கேட்டேன். சிலிண்டரின் கழுத்தடியில் பொறித்திருக்கும் கடைசிச் சோதனைத் திகதி என்ன? றெகுலேற்றரைக் கடைசியாகக் கழற்றிப் பூட்டியவர் யார்? அழுத்தமானி வேலை செய்கின்றதா? ஒன்றுக்கும் அவனிடம் விடை இருக்கவில்லை. விற்பவர் சொன்னதெல்லாம் "நல்லா ஊதுது தம்பி" என்பதுதானாம்.

பழையதா, புதியதா என்ற கேள்வியே பிழையானது என்பது எனது கட்சி. வரலாறு தெரிந்த பொருளா, தெரியாத பொருளா என்பதே கேட்கவேண்டிய கேள்வி. புதியதை விற்பவர்கள், பழையது அனைத்தும் யமன் என்று பயமுறுத்துவார்கள். அதை நம்பவேண்டியதில்லை. முகக்கண்ணாடி, துடுப்பு, ஈயப்பட்டி ஆகியவற்றைக் கண்ணாலும் கையாலும் பார்த்தே எடை போடலாம். தாராளமாகப் பழையதை வாங்கலாம். றெகுலேற்றரைக்கூட வாங்கலாம், பராமரிப்புப் பதிவு இருந்து, உதிரிப்பாகங்களும் இன்னும் கிடைக்குமாயின். உள்ளே உள்ள றப்பர் வளையங்களை மாற்றும் செலவை விலையோடு கூட்டிப் பார்த்தபின் அது மலிவா என்று முடிவு செய்யவேண்டும். மறுபுறம், புதிதாக வாங்கி உப்புநீரோடு மூலையில் போட்டுவைத்த றெகுலேற்றர், ஒழுங்காகப் பேணப்பட்ட பத்து வருடப் பழசைவிட ஆபத்தானது.

சிலிண்டரின் கதை வேறு. சாதாரண அலுமினிய சிலிண்டர் ஒன்றின் கொள்ளளவு ஏறத்தாழ 11 லீற்றர். அதற்குள் 200 பாருக்கும் சற்றுக் கூடிய அழுத்தத்தில் காற்றை அடைக்கின்றோம். அது வெடித்தால் நிரப்புபவர் முதலில் போவார், பிறகு அருகில் நிற்பவர். எனவேதான் பல நாடுகளில் வருடாந்தம் உட்புறத்தைப் பார்வையிடுகின்றார்கள். அமெரிக்காவில் 5 வருடங்களுக்கு ஒருமுறை நீரழுத்தச் சோதனை கட்டாயம். 6351 என்ற கலப்புலோகத்தால் 1980களின் பிற்பகுதிவரை செய்யப்பட்ட சிலிண்டர்களின் கழுத்துப் பகுதியில் வெடிப்புக் கோடுகள் உண்டாவது கண்டறியப்பட்டது. வெளியே மினுமினுக்கும், உள்ளே கோடு ஓடியிருக்கும். உருக்கு சிலிண்டருக்குள் நீர் புகுந்து துருப்பிடித்தால், அந்தத் துரு உள்ளிருக்கும் காற்றின் ஒட்சிசனையே குறைத்துவிடும். "நல்லா ஊதுது" என்ற உத்தரவாதம் இவற்றில் எதற்கும் விடையாகாது.

இவ்வளவும் பொழுதுபோக்குக்காக இறங்கும் என் மருமகனுக்குச் சொன்ன புத்தி. என்னை எழுத வைத்தது அவனல்ல.

பத்திரிகைப் பணியில் இருந்த காலத்தில், மன்னார்க் கரையோர வாடியொன்றில் கடலட்டை பிடிக்கும் சுழியோடி ஒருவரைச் சந்தித்தேன். முப்பது வயதைத் தாண்டாதவர். இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. அவருடைய உபகரணம் குடிசைக்கு வெளியே கிடந்தது. அழுத்தமானி இருக்கவேண்டிய இடத்தில் ஓர் ஆணி முறுக்கி அடைக்கப்பட்டிருந்தது. "வாங்கேக்கையே அது பழுது, ஐயா. மூச்சு இறுகினா மேல வருவம்" என்றார்.

அந்த ஒரு வாக்கியத்தில் முழு விபத்தும் அடங்கியிருக்கின்றது. 10 மீற்றர் ஆழத்துக்கு ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். 30 மீற்றரில் ஒவ்வொரு மூச்சுக்கும் மேற்பரப்பில் எடுப்பதைப்போல் நான்கு மடங்கு காற்றுச் செலவாகும். கரையில் ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேல் தாங்கக்கூடிய சிலிண்டர் அங்கே அரை மணித்தியாலத்துக்குள் தீர்ந்துவிடும். மானி இல்லாதவர் காற்று முடிந்தபின்னர்தான் அதை அறிவார்; அறிந்தவுடன் அம்புபோல் மேலே வருவார். அழுத்தத்தில் இரத்தத்திலும் திசுக்களிலும் கரைந்திருந்த நைதரசன், சோடாப் போத்தலைத் திறந்ததுபோல் குமிழிகளாகும். குமிழி முள்ளந்தண்டு வடத்தைத் தாக்கினால் கால்கள் போய்விடும். ஒரே நாளில் பல சிலிண்டர்களை மாற்றி மாற்றி இறங்குபவருக்கு இந்த ஆபத்துப் பன்மடங்கு.

இதைச் சொன்னால் உடனே ஒரு பதில் வரும்: "ஏழைத் தொழிலாளிக்குப் புதுசு கட்டுமா? பழசையும் தடுத்தால் அவன் வயிற்றில் அடிப்பதாகாதா?" 2022ஆம் ஆண்டு நெருக்கடியில் டொலர் 200 ரூபாவிலிருந்து சில வாரங்களில் 350 ரூபாவைத் தாண்டியபின் இந்தப் பதிலுக்கு இன்னும் பலம் கூடிவிட்டது. கேட்பதற்கு இரக்கமாகத்தான் இருக்கின்றது. ஆனால் வாடிகளில் பெரும்பாலும் உபகரணத்தை வாங்குபவர் சுழியோடி அல்லர். படகையும் கொம்பிரஸரையும் வைத்திருக்கும் சம்மாட்டிதான். மிச்சம் பிடித்த பணம் அவருடைய பெட்டிக்குப் போகின்றது. மிச்சம் பிடித்ததன் விலையைச் செலுத்துபவர் சுழியோடி. வாங்குபவர் ஒருவர், மூச்சு விடுபவர் இன்னொருவர். இதை ஏழையின் தெரிவு என்று அழைப்பது பித்தலாட்டம்.

மேலும், புதுத் தொகுதி வாங்குங்கள் என்று நான் கேட்கவில்லை. ஓர் அழுத்தமானியின் விலை முழுத் தொகுதியின் விலையில் சிறு பங்கு. பதப்படுத்திய கடலட்டை ஹொங்கொங்குக்கும் சிங்கப்பூருக்கும் போய் விற்கும் விலையோடு ஒப்பிட்டால் அது தூசு.

எமது பத்திரிகைத் தொழிலுக்கும் இதில் பங்குண்டு. சுழியோடி ஒருவர் இறந்தால் "ஒட்சிசன் சிலிண்டருடன் கடலுக்குள் இறங்கியவர்" என்று எழுதிவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடுகின்றோம். அது ஒட்சிசன் அல்ல, சாதாரண அமுக்கிய காற்று. தூய ஒட்சிசனைச் சுவாசித்தபடி 6 மீற்றருக்குக் கீழே போனால் வலிப்பு வந்து சாக நேரிடும். நானும் அப்படி எழுதியவன்தான். எதைச் சுவாசித்தார் என்றே அறியாத நாம், எதனால் இறந்தார் என்று எப்படிக் கேட்டிருப்போம்?

கடலட்டை பிடிக்க அனுமதிப்பத்திரம் வேண்டும் என்பது சட்டம். அட்டையைக் காப்பாற்றக் காட்டும் அக்கறையில் ஒரு பங்கை அதைப் பிடிப்பவருக்கும் காட்டட்டும். ஒவ்வொரு சிலிண்டரின் சோதனைத் திகதியும் அந்தப் பத்திரத்தோடு இணைக்கப்படட்டும். மானியில்லாத றெகுலேற்றரோடு படகு புறப்படக்கூடாது. திகதி கடந்த சிலிண்டருக்குக் காற்று நிரப்புபவரும், அதை இறக்கியவரும் பொறுப்புக் கூறட்டும். கொம்பிரஸரின் காற்று உறிஞ்சும் வாய் எஞ்சின் புகைக்கு அருகில் இருக்கின்றதா என்று ஒருவர் போய்ப் பார்க்கட்டும். இதற்குக் கோடிகள் தேவையில்லை.

மருமகன் துடுப்பையும் முகக்கண்ணாடியையும் மட்டும் வாங்கினான். சிலிண்டரை விட்டுவிட்டான். அதே படம் இன்னும் விற்பனைக்கு இருப்பதாக நேற்றுச் சொன்னான். அதை யாரோ வாங்குவார்கள். வாங்குபவரே அதைச் சுமந்துகொண்டு கடலுக்குள் இறங்குவாரா என்பதுதான் எனக்குள்ள சந்தேகம்.