"டிஸ்க் வளைந்துவிட்டது" என்னும் தீர்ப்பு

வேகத்துக்கென்றே வாங்கப்பட்ட கார் ஒன்று புணேயிலிருந்து மும்பை செல்லும் விரைவுச்சாலையில் கண்டாலா மலைச்சரிவை இறங்கி வருகிறது. லோணாவளாவுக்கும் அடிவாரத்திலுள்ள கோப்போலிக்கும் இடையே உயர வேறுபாடு 500 மீட்டருக்கு மேல். 1,500 கிலோ எடையுள்ள கார் 500 மீட்டர் இறங்கும்போது அது இழக்கும் நிலையாற்றல் 7.3 மெகாஜூலுக்கு மேல். அதே கார் மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்திலிருந்து முழுமையாக நிற்பதற்குக் கழிக்க வேண்டிய ஆற்றலோ 0.83 மெகாஜூல்தான். காற்றின் தடையும் எஞ்சினின் பிடிப்பும் ஒரு பங்கை ஏற்றுக்கொள்ளும். எஞ்சியதில் பெரும்பகுதி பிரேக் டிஸ்க்குகளில் வெப்பமாக இறங்கும். சரிவு முடிந்ததும் சுங்கச்சாவடி வரிசையில் ஓட்டுநர் பிரேக்கை மிதித்தபடியே நிற்கிறார். சில வாரங்களில், 100 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக்கைத் தொட்டால் ஸ்டீயரிங் நடுங்கத் தொடங்குகிறது. பட்டறையில் ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கிறார்கள். "டிஸ்க் வளைந்துவிட்டது" என்று ஒரே வரியில் தீர்ப்பு வருகிறது.

டிஸ்க்குகளும் பேடுகளும் மாற்றப்படுகின்றன. நடுக்கம் நிற்கிறது. உரிமையாளருக்கு மனநிறைவு, மெக்கானிக்குக்குத் தன் கணிப்பு மெய்யானதில் பெருமிதம். ஆறேழு மாதங்களில் அதே நடுக்கம் திரும்பி வரும்போது குற்றம் புதிய டிஸ்க்கின் தரத்தின் மீது விழுகிறது, அல்லது சாலையின் மீது. முதல் தீர்ப்பே தவறாக இருந்திருக்கலாம் என்ற ஐயம் எவருக்கும் எழுவதில்லை. மாற்றியதும் சரியானதல்லவா?

பழுதின் வேர் இந்தக் கேள்வியில் இருக்கிறது. இது மெக்கானிக்கின் நேர்மையைப் பற்றிய பேச்சன்று. பெரும்பாலோர் தாம் சொல்வதை நம்பியே சொல்கிறார்கள். குறை அனுமானத்தில் இருக்கிறது. டிஸ்க்கை மாற்றும்போது டிஸ்க் மட்டும் மாறுவதில்லை. பேடுகள் புதியவையாகின்றன. ஹப்பின் முகத்திலிருந்த துரு ஓரளவு துடைபடுகிறது. சக்கரம் கழற்றப்பட்டு வேறொரு நிலையில் மீண்டும் அமர்கிறது. நட்டுகள் புதிதாக இறுக்கப்படுகின்றன. ஒரே நேரத்தில் ஐந்து மாறிகளை மாற்றிவிட்டு, விளைவை அவற்றுள் விலை மிகுந்த ஒன்றின் கணக்கில் எழுதுகிறார்கள். முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வில் ஓர் ஆய்வாளர் இப்படி வாதிட்டால் அங்கேயே நிறுத்திக் கேட்பார்கள். அதே தேர்வாளர் தம் காருக்கு இந்த வாதத்தை ஏற்றுப் பணம் கட்டிவிட்டு வருகிறார்.

பிரேக் மிதிக்கும்போது உணரப்படும் நடுக்கத்துக்கு உடனடிக் காரணம் பெரும்பாலும் டிஸ்க்கின் தடிப்பு சுற்றெங்கும் ஒரே சீராக இல்லாமையே. 10 முதல் 15 மைக்ரான் வேறுபாடே உணரத்தக்க நடுக்கத்தைத் தரப் போதுமானது. தலைமுடி ஒன்றின் விட்டத்தில் அது ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு. டிஸ்க் அப்பளம்போல நெளிந்துகொள்வதாக மனத்தில் வரையப்படும் சித்திரத்துக்கும் இதற்கும் தொடர்பு குறைவு. அமெரிக்கப் பந்தயக் கார்ப் பொறியாளரும் நூலாசிரியருமான கரோல் ஸ்மித், 'வளைந்த டிஸ்க்' என்பது ஒரு கட்டுக்கதை என்றே தனிக் கட்டுரை எழுதினார். வளைவு என்று சொல்லப்படுவது ஏறக்குறைய எப்போதும் டிஸ்க்கின் மேல் சீரற்றுப் படிந்த பேட் பொருளே என்பது அவர் வாதம். சுங்கச்சாவடிக் காட்சி இந்த வாதத்துக்குப் பொருந்துகிறது: கொதிக்கும் டிஸ்க்கின் மேல் பேட் ஒரே இடத்தில் அழுந்தி நிற்கும்போது அவ்விடத்தில் அதன் தடம் பதிகிறது. அடுத்தடுத்த பிரேக்குகளில் தடித்த இடம் மற்ற இடங்களைவிட மிகுதியாகச் சூடாகிறது. அங்கு வெப்பநிலை 650 முதல் 700 டிகிரி செல்சியஸ் வரை போனால் வார்ப்பிரும்பின் உள்ளமைப்பே மாறி, சிமென்டைட் என்னும் கடினமான பொருள் உருவாகலாம். மேற்படிவை முறையான பிரேக் பழக்கலால் தேய்த்தெடுக்க முடியும். சிமென்டைட்டை அப்படி எடுக்க முடியாது.

இன்னொரு வழியும் உண்டு. இந்தியாவின் மழையையும் ஈரத்தையும் கருதினால் அதற்குக் கூடுதல் கவனம் தேவை. ஹப்புக்கும் டிஸ்க்குக்கும் இடையே 0.05 மில்லிமீட்டர் தடிப்புள்ள துருச்செதில் ஒன்று சிக்கிக்கொள்கிறது. அது மையத்திலிருந்து 70 மில்லிமீட்டர் தொலைவில் இருந்தால், 150 மில்லிமீட்டர் ஆரமுள்ள டிஸ்க்கின் விளிம்பில் பக்கவாட்டு ஆட்டம் 0.1 மில்லிமீட்டரைத் தாண்டும். தயாரிப்பாளர் கையேடுகள் பொதுவாகப் பொறுத்துக்கொள்ளும் அளவை அது எட்டிவிடும், அல்லது மீறிவிடும். முதல் நாள் இதனால் எந்த நடுக்கமும் தெரியாது. கேலிப்பரின் பிஸ்டன்கள் அந்த ஆட்டத்தோடு சேர்ந்து அசைந்து கொடுக்கும். ஆனால் பிரேக் மிதிக்கப்படாத நேரத்திலும் டிஸ்க்கின் மேடான பகுதி ஒவ்வொரு சுற்றிலும் பேடை உரசிச் செல்லும். சக்கரத்தின் சுற்றளவு 2 மீட்டர் என்றால் ஒரு கிலோமீட்டருக்கு 500 சுற்று, 5,000 கிலோமீட்டருக்கு 25 லட்சம் உரசல். அந்த இடம் மட்டும் தேய்ந்து மெலிகிறது. அதன் பிறகே ஸ்டீயரிங் நடுங்குகிறது. புதிய டிஸ்க்கைப் பழைய துருவின் மேல் பொருத்தினால் நோய் மறைகிறது. அடுத்த 25 லட்சம் உரசல்களுக்குப் பின் திரும்புகிறது. இடையிலுள்ள அமைதியான மாதங்களைத்தான் தீர்ப்புக்கான சான்றாக எல்லோரும் எடுத்துக்கொள்கிறார்கள். டிஸ்க்கைக் கழற்றிக் கடைசல் பட்டறையில் சமன் செய்து மாட்டும் சிக்கனக்காரர்களுக்கும் இதே கதிதான்: கடைசல் எந்திரத்தில் நேராக ஓடிய டிஸ்க் ஹப்பில் மறுபடி கோணலாகவே அமரும்.

கரோல் ஸ்மித்தைப் படித்தவர்கள் இன்று வேறொரு தவறு செய்கிறார்கள். "வளைவு" என்று மெக்கானிக் சொன்ன இடத்தில் "படிவு" என்று சொல்லிவிட்டு நிறைவு கொள்கிறார்கள். அளக்காமல் சொல்லப்பட்டால் இரண்டும் ஒரே தரத்துக் கூற்றுகள். இரண்டாவது சற்றே படித்த ஒலியுடையது, அவ்வளவே. டிஸ்க்கின் தடிப்பை மைக்ரான் வரை காட்டும் மைக்ரோமீட்டரால் சுற்றெங்கும் எட்டு இடங்களில் அளந்து, டயல் கேஜை நிறுத்திப் பக்கவாட்டு ஆட்டத்தைக் குறித்துக்கொண்டு, பின்பு டிஸ்க்கை ஹப்பின் மேல் ஒரு துளை தள்ளி மாட்டி மறுபடி அளந்தால் பழுது பெரும்பாலும் தன் இருப்பிடத்தைக் காட்டிவிடும். மேடு டிஸ்க்கோடு நகர்ந்தால் குறை டிஸ்க்கில் இருக்கிறது. நகராமல் நின்றால் ஹப்பில். இதற்கு எந்தப் பேராய்வகமும் வேண்டியதில்லை.

பிரேக்கைத் தொடாமலே ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் வரும் அதிர்வு வேறு இனம். அதையும் இதே பெயரில் தள்ளிவிடுவோர் உண்டு. சக்கரத்தின் விளிம்பில், மையத்திலிருந்து 20 சென்டிமீட்டரில் 50 கிராம் எடை மிகுந்திருந்தால், 100 கிலோமீட்டர் வேகத்தில் அது ஏறத்தாழ 80 நியூட்டன் விசையோடு சக்கரத்தை விநாடிக்குப் பதினான்கு முறை உலுக்கும். 50 கிலோமீட்டரில் விசை அதன் நான்கிலொரு பங்கு, 20 நியூட்டன். ஊருக்குள் தெரியாத அதிர்வு நெடுஞ்சாலையில் தெரிவதற்கு இது ஒரு காரணம். அந்த உலுக்கல் சஸ்பென்ஷனின் இயல்பு அதிர்வெண்ணை நெருங்குவது இன்னொன்று. எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடும்போது அதன் தண்டு விநாடிக்கு ஐம்பது முறை சுழல்கிறது. பின்சக்கர இயக்கக் காரின் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட், பின்னச்சின் பற்சக்கர விகிதம் மூன்று என்றால், 100 கிலோமீட்டர் வேகத்தில் நாற்பத்திரண்டு முறை. பதினான்கையும் நாற்பத்திரண்டையும் ஐம்பதையும் பிரித்தறிய ஒரு கைப்பேசியின் முடுக்கமானியே பெரும்பாலும் போதும்.

இங்கே பேலன்சிங் எந்திரம் காட்டும் 'பூஜ்யம், பூஜ்யம்' ஓர் அருள்வாக்காகவே மதிக்கப்படுகிறது. எந்திரம் சொல்வது எடைச் சமநிலையை மட்டும். சக்கரம் வட்டமாக இருக்கிறதா என்று சாதாரண எந்திரம் சொல்வதில்லை; முட்டை வடிவச் சக்கரத்தையும் ஈயத்துண்டுகளை ஒட்டிப் பூஜ்யத்துக்குக் கொண்டுவரலாம். பக்கச்சுவர் குறைந்த டயர் குழியில் இறங்கும்போது அலாய் வீலின் உள்விளிம்புதான் பெரும்பாலும் நெளிகிறது. வெளியே நின்று பார்ப்பவருக்கு அது தெரியாது. வெளிச்சந்தையில் வாங்கும் அலாய் வீல்களில் நடுத்துளை பெரும்பாலும் ஹப்பைவிடப் பெரியது. இடைவெளியை நிரப்பும் வளையம் போடாவிட்டால், ஒற்றைக் கையால் வரிசை தவறி இறுக்கப்பட்ட நட்டுகள் சக்கரத்தை மையம் விலகி அமர்த்திவிடக்கூடும். எந்திரத்தின் கூம்பில் மையத்தில் சுழன்ற சக்கரம் காரில் மையத்தில் சுழல்வதில்லை. பூஜ்யம் எந்திரத்தோடு நின்றுவிடுகிறது.

பெயரிடும் அவசரம் பணத்தை மட்டும் வீணாக்கினால் இவ்வளவு பேச வேண்டியதில்லை. தளர்ந்த நட்டும் அதிர்வாகவே வெளிப்படும். பக்கச்சுவரில் புடைத்து, உள்ளிழைகள் அறுந்த டயரும் அப்படியே. தேய்ந்த பேரிங்கும் ஆடும் பால் ஜாயிண்டும் அப்படியே. இவற்றுள் எதுவும் பொறுத்திருக்காது. முதலில் கேட்க வேண்டியது 'எது அதிகம் நிகழக்கூடியது' என்பதன்று. 'எது உயிரைக் கொல்லக்கூடியது, அதை இப்போதே விலக்க முடியுமா' என்பதுதான். நட்டுகளை டார்க் ரெஞ்சால் சோதிக்கவும், நான்கு டயர்களின் உட்புறச் சுவரையும் விளக்கடித்துப் பார்க்கவும், சக்கரத்தைத் தூக்கி ஆட்டிப் பார்க்கவும் கால் மணி நேரம் ஆகும். "டிஸ்க்தான், அடுத்த மாதம் மாற்றிக்கொள்ளலாம்" என்ற ஆறுதலான வாக்கியம் அந்தக் கால் மணி நேரத்தை விழுங்கிவிடுகிறது. 200 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக்கூடிய காரில் அது மன்னிக்கத்தக்க சிக்கனமன்று.

அளக்காமைக்குக் காரணம் சோம்பல் என்று சொல்வது எளிது. அது பாதி உண்மைகூட இல்லை. பட்டறையின் ரசீதை எடுத்துப் பார்த்தால் உதிரிபாகங்களுக்கு வரி உண்டு, கழற்றி மாட்டும் கூலிக்கு வரி உண்டு. கண்டுபிடித்ததற்கு வரி இல்லை. இரண்டு மணி நேரம் டயல் கேஜோடு குனிந்திருந்து, "ஹப்பைத் துடைத்து மாட்டினேன், வேறொன்றும் மாற்ற வேண்டியதில்லை" என்று சொல்லும் மெக்கானிக்குக்கு உரிமையாளர் என்ன கொடுப்பார்? ஒன்றுமே மாற்றவில்லையே என்று பேரம் பேசுவார். லட்சக்கணக்கில் கார் வாங்கியவர் சிந்தனைக்கு விலை கேட்டால் சினம் கொள்கிறார். இரும்புக்குத் தயங்காமல் தருகிறார். இத்தகைய சந்தையில் இரும்பை விற்காமல் சிந்தனையை விற்கும் பட்டறை நெடுநாள் பிழைக்காது.

பொறியியல் கல்வி இந்த இடத்தில் குறுக்கிட்டிருக்க வேண்டும். நாடெங்கும் இயந்திரப் பொறியியல் பாடத்திட்டங்களில் சுழலும் எடைகளைச் சமன்செய்யும் சோதனை பொதுவாக இருக்கிறது. மாணவருக்கு நான்கு எடைகள் தரப்படுகின்றன; கோணங்கள் தரப்படுகின்றன; பலகோணம் வரைந்தால் விடை வந்துவிடும். அந்த விடை முந்தைய ஆண்டு மாணவரின் பதிவேட்டிலும் இருக்கும். சமன்குலைவு எங்கே இருக்கிறது என்பது முன்கூட்டியே தெரிந்த உலகில் மட்டுமே அவர் பயிற்சி பெறுகிறார். அதிர்வுதான் உண்டு, அதற்குச் சமன்குலைவு காரணமா என்பதே தெரியாது என்ற நிலையை அவர் பெரும்பாலும் வேலைக்குப் போன பிறகே முதன்முதலாகச் சந்திக்கிறார். டயல் கேஜைக் கையில் பிடித்தே பட்டம் வாங்கியவர், தம் கார் நடுங்கும்போது அதை அளக்கலாம் என்று எண்ணுவதில்லை.

மாணவர்கள் தாமே பந்தயக் கார் கட்டிப் போட்டியிடும் சுப்ரா, ஃபார்முலா பாரத் போன்ற களங்கள் இதற்கு விதிவிலக்காக இருக்கலாம். சில அணிகளில் இருக்கவும் இருக்கின்றன. ஆனால் ஃபார்முலா மாணவர் போட்டிகளின் பிரேக் சோதனை கேட்பது நான்கு சக்கரங்களும் பூட்டிக்கொண்டு கார் நிற்கிறதா என்பதைத்தான். அது தேவையான சோதனை. நடுக்கத்தைப் பற்றி அது எதுவும் கேட்பதில்லை. போட்டிக்கு முந்தைய இரவில் அதிர்வு வந்தால், கையிருப்பிலுள்ள அத்தனை பாகங்களையும் ஒருசேர மாற்றிப் பார்ப்பதே மாணவர்களின் வழியும். நேரமின்மையில் அது புரிந்துகொள்ளத்தக்கது. போட்டி முடிந்த பின் ஒவ்வொன்றாகத் திரும்ப மாட்டிப் பார்க்க எவரும் உட்காராததுதான் குறை. எந்தப் பாகம் குற்றவாளி என்பது தெரியாமலேயே அந்த ஆண்டின் கார் கூடத்தின் மூலைக்குப் போகிறது. அடுத்த ஆண்டு அணி அதே கேள்வியோடு தொடங்குகிறது.

இதைச் சரிசெய்யப் புதிய ஆய்வகமோ நிதிநல்கையோ வேண்டியதில்லை. துறைக்கு ஒரு பழைய கார், ஒரு மைக்ரோமீட்டர், ஒரு டயல் கேஜ், ஒரு டார்க் ரெஞ்ச் போதும். ஆசிரியர் முதல் நாள் மாலையில் ஹப்புக்கும் டிஸ்க்குக்கும் இடையே மெல்லிய உலோகத்தாள் ஒன்றைச் செருகிவிடலாம். அல்லது ஒரு வீலின் உள்பக்கம் ஈயத்துண்டை ஒட்டிவிடலாம். அல்லது எதையும் செய்யாமலும் விடலாம். கார் ஜாக்கியில் தூக்கி நிற்கட்டும். மறுநாள் மாணவர்கள் பாகம் எதையும் புதிதாக வாங்காமல், ஒரு முறைக்கு ஒன்றை மட்டும் மாற்றி, ஒவ்வொரு மாற்றத்துக்கும் முன் தாங்கள் எதிர்பார்ப்பதை எழுதிவைத்துவிட்டு, காரணத்தைக் கண்டுபிடித்து எழுத வேண்டும். எதையும் செய்யாத நாளில் "குறை எதுவும் காணப்படவில்லை" என்று அளவுகளோடு எழுதும் மாணவருக்கே முழு மதிப்பெண் தர வேண்டியிருக்கும். மதிப்பீட்டுக் குழுவில் அந்த ஊர்ப் பட்டறை மெக்கானிக் ஒருவரும் மதிப்பூதியத்தோடு அமர்வது நல்லது; விரல் நுனியால் ஹப்பைத் தடவியே துருவைச் சொல்லிவிடும் கை அவருடையது, அந்தக் கையில் டயல் கேஜைக் கொடுக்கத்தான் இதுவரை எவரும் முன்வரவில்லை.