ஆர்வம் யார் வீட்டுச் சொத்து?

‘இன்ஜினியரிங் மேல ஆர்வம் எப்படி வந்துச்சு?’ கேம்பஸ் இன்டர்வியூவில் கேட்கிறார்கள். அப்பா வாங்கித் தந்த கம்ப்யூட்டரைக் கழற்றிப் பார்த்தேன் என்பவனுக்குச் சபாஷ். சேரிப் பிள்ளை எதைக் கழற்றிப் பார்ப்பான்? மலக்குழியில் நம்ம ஆள் இறங்குவதைத்தான் பார்த்திருக்கிறான். 2013-இல் தடைச் சட்டம் வந்தும் சாவு நிக்கல. அந்தக் குழிப்பக்கமே போகக் கூடாதுன்னு ராத்திரியெல்லாம் படிக்கிறானே, அதுக்கு என்ன பேரு?

தமிழ்நாட்டில் 2007-இல் பொறியியல் நுழைவுத் தேர்வு ஒழிந்தது. கோச்சிங்குக்குக் காசில்லாத பிள்ளைகள் பிளஸ் டூ மார்க்கை வைத்தே உள்ளே வந்தார்கள். (‘தரம் போச்சு’ என்று ஒப்பாரி வைத்தவர்களை மறக்கவில்லை.) கதவு திறந்தது, ஆர்வமும் வந்தது. திறக்காத கதவு இன்னொன்று இருக்கிறது தோழர்களே: நமக்கான 18 சதவீத இடஒதுக்கீடு கல்லூரியோடும் அரசு வேலையோடும் சரி, தனியார் கம்பெனிக்குள் செல்லாது. கேட்டால் தகுதி, திறமை என்கிறார்கள். சாதி என்று மட்டும் வாயில் வராது.