தூக்க மாத்திரையைத் திடீரென நிறுத்தாதீர்!

பத்து நாட்களுக்கென மருத்துவர் எழுதிக் கொடுத்த மாத்திரை, பத்து ஆண்டுகளாகத் தலையணையின் அடியில் குடியிருக்கும் இல்லங்கள் நம்மிடையே பல உண்டு. கணவரை இழந்த துயரிலோ, மகன் கடல் கடந்து சென்ற கவலையிலோ உறக்கமின்றித் தவித்த தாய்க்கு அன்று அது ஆறுதல் அளித்தது உண்மைதான். பழைய சீட்டையே திரும்பத் திரும்ப நீட்டி மருந்துக் கடையில் வாங்கி வருவதில்தான் வினை தொடங்குகிறது.

டயஸிபாம், அல்பிரஸோலம், லோரஸிபாம், குளோனஸிபாம் ஆகியவை யாவும் பென்ஸோடையஸிபைன் என்னும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. இக்குடும்பத்தின் மூத்த பிள்ளையான லிப்ரியம் 1960-இல் விற்பனைக்கு வந்தது. 1963-இல் வேலியம் வந்தது. அதற்கு முன் வழக்கிலிருந்த பார்பிச்சுரேட் மருந்துகள், அளவு மீறினால் மூச்சையே நிறுத்திவிடும் தன்மையுடையவை. ஆகவே புதியவற்றை ஆபத்தற்றவை என்று மருத்துவ உலகம் இரு கரம் நீட்டி வரவேற்றது. அவை மனிதரை அடிமைப்படுத்தும் என்பது பின்னரே உறைத்தது.

மூளையின் பரபரப்பை அடக்கும் கடிவாளமாக 'காபா' என்னும் இரசாயனம் உள்ளது. இம்மாத்திரைகள் அக்கடிவாளத்தை மேலும் இறுக்குகின்றன. நாள்தோறும் இவ்வாறு நடக்கவே, மூளை தன் சொந்தப் பிடியைத் தளர்த்திக் கொள்கிறது. அந்நிலையில் மாத்திரை சட்டென்று நின்றால் குதிரை தறிகெட்டு ஓடுகிறது. உறக்கம் அறவே கெடும்; கை நடுங்கும்; வியர்க்கும்; நெஞ்சு படபடக்கும்; சிறு ஓசையும் வெளிச்சமும் தாங்க முடியாதவையாகும். கடுமையானால் வலிப்பு வரும். இல்லாத உருவங்கள் கண்ணுக்குத் தெரியும். உயிருக்கே ஆபத்து நேரலாம். குறுகிய நேரம் வேலை செய்யும் மாத்திரைகளாயின் ஓரிரு நாட்களிலும், டயஸிபாம் போன்றவையாயின் ஒரு வாரம் கழித்தும் இவை தலைகாட்டும்.

இதைக் காணும் வீட்டார் இரு வகையாகத் தவறுகின்றனர். "பார்த்தீர்களா, மாத்திரை இல்லாமல் இவரால் முடியாது" என்று மீண்டும் அதையே ஆயுள் முழுவதும் தொடர்வது ஒன்று. ஏதோ ஜின்னின் சேட்டை என்று அஞ்சி நாட்களைக் கடத்துவது மற்றொன்று. ஓதிப் பார்க்க விரும்புவோர் ஓதட்டும். மருத்துவமனைக்குச் செல்வதை மட்டும் அதற்காகத் தள்ளிப்போட வேண்டாம்.

நிறுத்தாமல் தொடர்வோருக்கும் தொல்லை உண்டு. முதியவர் பெயர்களை மறக்கிறார், பேச்சு குழறுகிறது, ஃபஜ்ருக்கு ஒளூச் செய்ய எழுந்தவர் குளியலறையில் தடுமாறி விழுகிறார் என்றால், "வயதாகிவிட்டது" என்று முடிவு கட்டுமுன் அவருடைய மாத்திரை அட்டையைப் பாருங்கள். இடுப்பெலும்பு முறிவுக்கும், மறதி நோய் என்று தவறாக எண்ணப்படும் மந்தத்துக்கும் இவை காரணமாவதுண்டு.

ரமளான் மாதத்தில் தனிக் கவனம் தேவை. அல்பிரஸோலம் பகலிலும் உட்கொள்பவர், நோன்பிற்காக நண்பகல் மாத்திரையைத் தாமாகவே விட்டுவிடுகிறார். அம்மருந்தின் அளவு இரத்தத்தில் பாதியாகக் குறையச் சுமார் 11 மணி நேரமே ஆகும். எனவே மாலைக்குள் படபடப்பும் நடுக்கமும் தொடங்கலாம். பிறை பார்ப்பதற்குச் சில வாரங்களுக்கு முன்பே மருத்துவரைக் கண்டு வேளைகளை மாற்றியமைத்துக் கொள்வது நலம். நோயாளிக்குள்ள சலுகையை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

சிகிச்சை என்ன? படிப்படியாகக் குறைப்பதே. ஏறத்தாழ ஒரு மாதத்துக்கு மேல் நாள்தோறும் உட்கொண்டவர் எவரும் தாமாக நிறுத்தலாகாது. இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு ஒரு முறை, அப்போதைய அளவில் 5 முதல் 10 விழுக்காடு குறைப்பது இன்றைய மருத்துவர்கள் பெரிதும் கைக்கொள்ளும் வழி. சிலருக்கு, மெதுவாக வெளியேறும் டயஸிபாமுக்கு மாற்றிய பின் குறைப்பார்கள். மாதங்கள் பல ஆகலாம், ஓராண்டும் ஆகலாம். இடையில் தொல்லை மிகுந்தால் அதே அளவில் சில காலம் நிற்கலாம்; அது தோல்வியன்று. கூடவே, எந்தக் கவலைக்காக மாத்திரை தொடங்கியதோ அதற்கும் மருத்துவம் வேண்டும். மாலைத் தேநீரைக் கைவிடுவதும், பகல் தூக்கத்தைச் சுருக்குவதும் சிறிய காரியங்களாயினும் பலன் தருபவை. மனநல ஆலோசனைக்கு இந்திய அரசின் 14416 என்னும் தொலைபேசி எண் 2022 முதல் இயங்குகிறது.

கோடீன் கலந்த இருமல் மருந்து, டிரமடால் போன்ற வலி மாத்திரை ஆகியவற்றுடன் இவை சேர்ந்தால் மூச்சு அடங்கிப்போகும். உசுப்பியும் விழிக்காமல், மூச்சு மெலிந்து கிடப்பவரின் வாயில் காப்பியோ தண்ணீரோ ஊற்றாதீர். வாந்தி எடுக்கவும் வைக்காதீர். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐ அழையுங்கள். மீதமுள்ள மாத்திரை அட்டைகளை மறவாமல் கையோடு எடுத்துச் செல்லுங்கள். எதை, எத்தனை விழுங்கினார் என்பதை மருத்துவர் அவற்றைக் கொண்டே கணிப்பார்.